மரவள்ளிக்கு ஆராய்ச்சி நிலையம், மழலைக்கு?

கல்வராயன் மலையிலிருந்து நமக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. எழுதியவர் விவசாயி. மரவள்ளியும் சாமையும் பயிரிடுபவர். வெள்ளிமலைக் கடைத்தெருவில் நம் ஏட்டை வாங்கிப் படிப்பவர். பெயரை வெளியிட வேண்டாமெனக் கேட்டுக்கொண்டிருப்பதால் வெளியிடவில்லை. கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறோம்.

"என் மகள் கீழே ஹாஸ்டலில் தங்கிப் பட்டம் முடித்துவிட்டாள். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள்தான். இப்போது இன்னும் இரண்டாண்டு படிக்கிறேன் என்கிறாள். படிப்பின் பெயர் மனித மேம்பாடும் குடும்ப இயலுமாம். ஊரில் விசாரித்தேன். ஒருவர், அது கம்பெனிக்கு ஆள் எடுக்கிற படிப்பு என்றார். இன்னொருவர், சமையல் படிப்பு என்றார். என் தாயாரோ, 'குடும்பத்தைத் தெரிந்துகொள்ள காலேஜ் எதற்கு? கல்யாணத்தைப் பண்ணி வை, தானாகத் தெரிந்துகொள்வாள்' என்கிறார். மகள் கோயமுத்தூர், பரோடா, டில்லி என்று மூன்று ஊர்களைச் சொல்கிறாள். அனுப்பலாமா? எந்த ஊருக்கு அனுப்புவது? வேலை கிடைக்குமா?"

தபாலிலேயே பதில் எழுதிவிடலாம். ஆனால் இந்தக் கேள்வி ஒரு வீட்டோடு நிற்கிற கேள்வியாக நமக்குப் படவில்லை. தென்னார்க்காடாக இருந்த காலத்தில் கடலூருக்கு எட்டாத தொலைவிலும், 1993-க்குப் பிறகு விழுப்புரத்துக்கு எட்டாத தொலைவிலும் கிடந்த மலை அது. 2019-ல்தான் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. அந்த மலையிலிருந்து ஒரு பெண் பட்டம் பெற்று, மேலே என்ன படிப்பது என்று தேர்ந்தெடுக்கும் இடத்துக்கு வந்திருக்கிறாள் என்றால், ஊரறியப் பதில் சொல்வதுதான் முறை.

முதலில் பாட்டியின் கேள்வியை எடுத்துக்கொள்கிறோம். எல்லாவற்றிலும் கனமான கேள்வி அதுதான்.

தோழரே, மரவள்ளி பயிரிட உங்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனாலும் 2020-ல் தமிழகத்து மரவள்ளியில் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி பரவியபோது, எவ்வளவு அனுபவமுள்ள விவசாயியும் கைபிசைந்துதானே நின்றார்? அதற்கு வழி எங்கிருந்து வந்தது? ஆப்பிரிக்காவிலுள்ள பெனின் நாட்டிலிருந்து ஒரு சிறு குளவியைக் கொண்டுவந்து, வளர்த்து, பெருக்கி, 2022 மார்ச்சில் விவசாயிகள் முன்னிலையில் வயலில் விட்டார்கள். விட்ட இடம் உங்கள் மலையின் அடிவாரத்துக்கு அண்மையில்தான். சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதே, அங்கேதான். அனுபவம் பயிரை வளர்க்கும். பயிருக்கு வருகிற நோய் என்ன, எதனால் வந்தது, பக்கத்து ஊருக்கு ஏன் வரவில்லை என்று கண்டறிய வேறொரு கல்வி வேண்டியிருக்கிறது.

மரவள்ளிக்கு நிலையம் இருக்கிறது, மகிழ்ச்சி. மழலைக்கு இருக்கிறதா?

இதே கேள்வியை நூறாண்டுக்கு முன்பே ஓர் அம்மையார் கேட்டார். அமெரிக்காவில் அயோவா என்றொரு மாநிலம். சோளமும் பன்றியும் அங்கே பெருஞ்செல்வம். நல்ல பன்றி வளர்ப்பது எப்படி, நல்ல சோளம் விளைவிப்பது எப்படி என்று சர்க்கார் செலவில் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. கோரா ஹில்லிஸ் என்ற அந்த அம்மையார் பேராசிரியர் அல்லர். தாய்மார் சங்கங்களில் உழைத்தவர். பன்றியை மேம்படுத்த ஆராய்ச்சி உண்டு, பிள்ளையை மேம்படுத்த இல்லையா என்று சட்டமன்றத்தின் கதவைத் தட்டினார். ஆண்டுக்கணக்கில் தட்டினார். 1917-ல் அயோவா பல்கலைக் கழகத்தில் குழந்தை நல ஆராய்ச்சி நிலையம் பிறந்தது. இன்று அமெரிக்கப் பல்கலைக் கழகங்களில் மனித மேம்பாடும் குடும்ப இயலும் என்ற பெயர்ப் பலகை தொங்குகிற துறைகளுக்கு முன்னோடிகளில் அதுவும் ஒன்று.

ஆக, இது கம்பெனிக்கு ஆள் எடுக்கிற படிப்பு அன்று. அது மனித வளம். இது மனித மேம்பாடு. பெயரில் பாதி ஒத்திருப்பதால் வந்த குழப்பம். சமையல் படிப்பு என்று சொன்னவரும் முழுக்கத் தவறிவிடவில்லை. நம் நாட்டில் இந்தத் துறை மனையியல் என்ற பெரிய வீட்டில் ஓர் அறையாகத்தான் பிறந்தது. அடுத்த அறையில் உணவும் ஊட்டச்சத்தும், அதற்கடுத்த அறையில் துணியும் ஆடையும். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அடுப்பங்கரை மட்டுமே தெரிந்தது போலும்! பெண் எது படித்தாலும் அதில் அடுப்பைத் தேடுகிற கண் நம் நாட்டில் பலருக்கு உண்டு.

கருவில் இருக்கும் சிசு முதல் கடைசி மூச்சு விடும் கிழவர் வரை, மனிதர் எப்படி வளர்கிறார், எதனால் வளர்கிறார், எது தடுக்கிறது, அதில் குடும்பத்தின் பங்கென்ன என்று ஆராய்வதே இந்தப் படிப்பு. யூரி பிரான்ஃபென்பிரென்னர் என்பவர் மாஸ்கோவில் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா சென்று, கார்னெல் பல்கலைக் கழகத்தில் பேராசிரியரானவர். ஏழைப் பிள்ளைகளுக்காக அமெரிக்க அரசு 1965-ல் தொடங்கிய ஹெட் ஸ்டார்ட் திட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். 1979-ல் வெளியிட்ட நூலில் அவர் சொன்ன கருத்தைச் சுருக்கமாகச் சொல்வோம். குழந்தையைச் சுற்றி வட்டத்துக்குள் வட்டமாகப் பல வட்டங்கள் இருக்கின்றன. தாய், தந்தை, வீடு, பள்ளி ஆகியவை கிட்டத்து வட்டம். தந்தை வேலை செய்யும் இடம், ஊராட்சி, சர்க்கார், சட்டம், பழக்கவழக்கம் இவை எட்டத்து வட்டங்கள். அந்த எட்டத்து வட்டத்தைக் குழந்தை ஒருநாளும் கண்ணால் கண்டிராது. ஆனாலும் அங்கே விழுகிற அடி இங்கே வலிக்கும்.

அமெரிக்க நூல் நமக்கெதற்கு என்று கேட்கலாம். கல்வராயன் மலையில் வைத்துப் பாருங்கள். செம்மரம் வெட்டக் கூலிக்கு ஆள் பிடிக்கும் தரகன் மலையேறி வருகிறான். குடும்பத் தலைவன் முன்பணம் வாங்கிக்கொண்டு ஆந்திரக் காட்டுக்குப் போகிறான். சிக்கினால் சிறை. 2015 ஏப்ரல் 7-ல் சேஷாசலம் காட்டில் என்ன நடந்தது என்பதை நாடறியும். திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களிலிருந்து போன 20 தொழிலாளர்கள் ஆந்திரப் போலீசின் குண்டுக்கு இரையானார்கள். வீட்டில் என்ன நடக்கிறது? தாய் கூலிக்குப் போகிறாள். மூத்த பெண் பள்ளியை விட்டு நின்று தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். அந்தத் தம்பிக்கு மூன்று வயதில் பேச்சு திருந்தவில்லை. பால்வாடி ஆயா, "மந்தப் பிள்ளை" என்கிறார். பிள்ளை மந்தமா? அல்லது அதனோடு பேச வீட்டில் பெரியவர் யாரும் இல்லையா? இதைப் பிரித்தறியத் தெரிந்த ஒருவர் அந்த மலையில் வேண்டும். பாட்டியம்மாவுக்கு நம் பதில் இதுதான்.

இன்னும் கிட்டத்துக்கு வருவோம். 2024 ஜூன். கள்ளக்குறிச்சி கருணாபுரம். மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் மாண்டார்கள். ஒரே தெருவில் வீட்டுக்கு வீடு பிணம். ஆண்கள் மட்டுமல்லர், பெண்களும் இருந்தார்கள். தாய் தந்தை இருவரையும் ஒரே நாளில் இழந்த பிள்ளைகளின் படம் ஏடுகளில் வந்தபோது கலங்காத கண் இல்லை. அரசு உதவி அறிவித்தது. இருவரையும் இழந்த பிள்ளைக்கு 5 லட்சம் ரூபாய் வைப்புத் தொகை. 18 வயது வரை மாதம் 5,000 ரூபாய். படிப்புச் செலவு, விடுதிச் செலவு. வரவேற்கிறோம். செய்ய வேண்டியதைச் செய்தார்கள்.

ஆனால் வைப்புத் தொகை வங்கியில் தூங்கும். அந்தப் பிள்ளை தூங்குமா? "உன் அப்பன் குடிச்சே செத்தான்" என்று பள்ளிக்கூடத்தில் இன்னொரு சிறுவன் சொல்லும்போது, அதைக் கேட்டு வந்த பிள்ளையிடம் என்ன பேசுவது, எப்போது பேசாமலிருப்பது என்று பயின்றவர்கள் மாவட்டத்தில் எத்தனை பேர்? சித்தி வீட்டிலே வளர்வதா, பாட்டி வீட்டிலே வளர்வதா, இல்லத்திலே சேர்ப்பதா என்று முடிவு செய்கிற அதிகாரம் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி குழந்தைகள் நலக் குழுவிடம் இருக்கிறது. அந்தக் குழுவின் முன் வைக்கப்படும் அறிக்கையை எழுதுபவர் யார்? அந்த வீட்டு வாசலை மிதித்தவரா, மேசையிலிருந்து எழுதியவரா?

அவ்வாண்டு ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமே கல்வராயன் மலைமக்களின் வாழ்க்கைத் தரம் குறித்துத் தானாக முன்வந்து வழக்கெடுத்துக்கொண்டது. 1976 வரையில் ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை அது என்பதெல்லாம் அப்போதுதான் பட்டணத்தில் பலருக்குத் தெரியவந்தது. சாலை வேண்டும், மருத்துவமனை வேண்டும் என்றெல்லாம் பேசப்பட்டது. வேண்டும்தான். ஆனால் அந்த மலையின் வீடுகளை அறிந்து எழுதப் படித்தவர்களும் வேண்டும். அவர்கள் அந்த மலையிலிருந்தே வரவேண்டும் என்கிறோம் நாம்.

இனி ஊர்களைப் பார்ப்போம்.

கோயமுத்தூர் என்று மகள் சொன்னது அவினாசிலிங்கம் மகளிர் பல்கலைக் கழகமாக இருக்க வேண்டும். 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தில் கல்வி அமைச்சராக இருந்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் 1957-ல் தொடங்கிய மனையியல் கல்லூரி அது. 1988-ல் நிகர்நிலைப் பல்கலைக் கழகமாயிற்று. அதை வளர்த்தெடுத்தவர் ராஜம்மாள் தேவதாஸ் அம்மையார். அவர் 1919-ல் பிறந்த ஊர் செங்கம். உங்கள் மலைக்கு வடக்கே இருக்கிற செங்கமேதான்! அமெரிக்காவில் ஒஹையோ மாநிலப் பல்கலைக் கழகம் வரை சென்று டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பி வந்து, தமிழகத்துப் பெண்களுக்கு மனையியலை ஆராய்ச்சிக் கல்வியாக ஆக்கினார். நமக்கும் அந்நிறுவனத்தின் காந்தியக் கட்டுப்பாடுகளுக்கும் வெகு தூரம். ஆனாலும் பாராட்ட வேண்டியதைப் பாராட்டத் தயங்கமாட்டோம். அங்கே மனித மேம்பாட்டுக்கெனத் தனித் துறை இருக்கிறது. பெண்கள் மட்டும் படிக்கும் இடம். தமிழ் பேசும் ஊர். சேலத்தில் பஸ் மாறினால் வந்து சேரலாம்.

பரோடாவின் பெருமை வேறு. மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக் கழகம் 1949-ல் உருவாயிற்று. அதன் துணைவேந்தராக வந்தவர் ஹன்சா மேத்தா அம்மையார். இருபாலாரும் படிக்கும் பல்கலைக் கழகத்துக்கு இந்தியாவில் ஒரு பெண் துணைவேந்தரானது அதுவே முதல் முறை. அங்கே துறையின் பெயரே மனித மேம்பாடும் குடும்ப இயலும் என்பதுதான். துறையோடு சேர்ந்தாற்போல் சேத்தன் பால்வாடி என்ற மழலையர் பள்ளி இருக்கிறது. மாணவிகள் புத்தகத்தில் படித்த குழந்தையை அங்கே நேரில் பார்க்கலாம். டி. எஸ். சரஸ்வதி என்ற பேராசிரியர் அங்கே பணியாற்றியவர். 1999-ல் எழுதிய ஒரு கட்டுரையில், குமரப் பருவம் என்று மேல்நாட்டார் தனியாகப் பிரிக்கிற பருவம் இந்தியாவில் எல்லாருக்கும் உண்டா, அல்லது வெறும் கற்பனையா என்று கேட்டார். எவ்வளவு துணிவான கேள்வி! பன்னிரண்டு வயதில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, பதினாறில் மாலை சூட்டப்படும் பெண்ணுக்குக் குமரப் பருவம் எங்கே இருக்கிறது? சிறுமியாக இருந்தாள், மறுநாள் மனைவியானாள். இந்தக் கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொடுக்கும் துறை எதுவோ, அதுவே நல்ல துறை. ஆனால் அந்த ஊரின் தெருவிலே பேசுவது குஜராத்தி. களப்பணிக்குப் போகும் இடத்தில் தாயோடு பேச மொழி வேண்டும். இரண்டாண்டில் பாதி மொழி கற்பதிலேயே போய்விடும்.

டில்லியில் 1932-ல் தொடங்கிய லேடி இர்வின் கல்லூரி இருக்கிறது. நல்ல பெயர். சேர்வதற்கு அகில இந்திய நுழைவுத் தேர்வு. மூன்றாண்டு படித்து வாங்கிய பட்டத்தை ஒருபுறம் ஒதுக்கி, ஒன்றரை மணி நேரத்துச் சோதனையில் தரம் பிரிக்கும் இந்த முறைபற்றி நம் கருத்து வாசகர்களுக்குத் தெரியும், இங்கே விரிக்கவில்லை. தார்வாடு, லூதியானா வேளாண்மைப் பல்கலைக் கழகங்களிலும் இதே பெயரில் துறைகள் உண்டு. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் 1952-ல் தொடங்கிய சமூகப் பணிக் கல்லூரி இருக்கிறது. அது சமூகப் பணிப் படிப்பு. உறவுக்காரப் படிப்பு என்று சொல்லலாம், அதே படிப்பு அன்று. காந்திகிராமத்திலும் மனையியல் துறை உண்டு. எங்கும் ஒன்றைக் கவனியுங்கள். மனையியலில் இளநிலை முடித்தவர்களை மட்டுமே சேர்ப்பார்களா, உளவியலும் சமூகவியலும் படித்தவர்களுக்கும் இடமுண்டா என்பதை அறிவிப்பில் எழுத்தெண்ணிப் படியுங்கள். விண்ணப்பக் கட்டணம் கட்டிய பிறகு தெரிந்து பயனில்லை.

அஞ்சல் வழியில் வீட்டிலிருந்தே படிக்கலாமே என்று யாரேனும் சொல்வார்கள். கேட்காதீர்கள். 2025-ல் பல்கலைக் கழக மானியக் குழுவே உளவியலையும் ஊட்டச்சத்தையும் அஞ்சல் வழியில் நடத்தக்கூடாதெனத் தடுத்துவிட்டது. குழந்தையைத் தொடாமல் குழந்தையைப் பற்றிப் படிப்பது, ஆற்றைக் காணாமல் நீச்சல் படிப்பது போலத்தான்.

எந்த ஊர் என்பதைவிட, அந்த ஊரில் என்ன கேட்பது என்று மகளுக்குச் சொல்ல விரும்புகிறோம். மாணவியரை எத்தனை வாரம் களத்துக்கு அனுப்புகிறீர்கள்? அந்தக் களம் நகரத்துப் பள்ளியா, குடிசைப் பகுதியா, மலைக்கிராமமா? ஆய்வேட்டுக்கு என் மலையையே எடுத்துக்கொள்ள விடுவீர்களா? வழிகாட்டும் பேராசிரியர் மலையேறி ஒருமுறையேனும் வருவாரா? இவற்றைக் கேட்க வெட்கப்படக் கூடாது. மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். இரண்டாண்டு வாழ்வைக் கொடுத்துப் பட்டம் வாங்கும்போது ஏன் தயங்க வேண்டும்?

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம்? பாடப் புத்தகத்தில் குடும்பம் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் சமவெளிக் குடும்பம். அதிலும் நகரத்து நடுத்தரக் குடும்பம். திருமணக் கொடுமை என்ற அத்தியாயத்தில் வரதட்சிணை இருக்கும். மலையாளிப் பழங்குடி மக்களிடம் வழக்கம் நேர்மாறு. மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டாருக்குப் பரியம் கொடுப்பார்கள். எட்கர் தர்ஸ்டன் 1909-ல் எழுதி வைத்த செய்தி அது. வரதட்சிணை மட்டும் படித்துவிட்டு மலையேறி வருகிற பட்டதாரிக்கு அங்கே எதுவும் விளங்காது. இன்னொரு கூட்டம் இருக்கிறது. பரியம் என்றதும், "ஆகா, மலையிலே பெண்ணுக்கு எவ்வளவு உயர்வு!" என்று புகழ்ந்து கட்டுரை எழுதிவிடும். கொடுத்த பரியத்துக்காகவே பிடிக்காத வாழ்வில் ஒரு பெண் கட்டுண்டு கிடக்கலாம். பரியம் வந்த வீட்டில் படிப்பு பாதியில் நிற்கலாம். புகழவும் வேண்டாம், இகழவும் வேண்டாம்; முதலில் வீடு வீடாகப் போய்க் கேட்கட்டும். அதைக் கேட்கத் தகுதியானவள் உங்கள் மகள். அவளுக்குத்தான் வாசலில் உட்காரப் பாய் போடுவார்கள்.

குடும்பம் ஆண்டவன் அமைத்தது, அதில் கை வைக்கக் கூடாது என்று சொன்னவர்கள் ஒருகாலத்தில் ஏராளம். 1929-ல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டபோது நகைத்தார்கள். 1989-ல் தமிழ்நாட்டில் அது சட்டமாயிற்று. சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்றார்கள். 1967-ல் சட்டமன்றம் செல்லும் என்றது. மனிதர் கட்டியதை மனிதர் மாற்றலாம். எதை மாற்றுவது, எதைக் காப்பது என்று தெரிய, உள்ளே என்ன இருக்கிறதென அளந்து பார்க்கவும் வேண்டும்.

வேலைக்கு வருவோம். பொய் நம்பிக்கை தரமாட்டோம். முடித்த மறுநாள் வேலை என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். வாய்ப்பு இருக்கிறது. மாவட்டம்தோறும் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அலுவலர் பணிகள். குடும்ப நல நீதிமன்றத்தில் ஆலோசகர். கல்லூரி ஆசிரியராக வேண்டுமெனில் மனையியல் பாடத்தில் நெட் தேர்வு. சிக்கல் எங்கே என்றால், பெயரில்! மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா நெறிமுறையில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்கான படிப்புகளின் வரிசையில் சமூகப் பணி, சமூகவியல், உளவியல், சட்டம் இவற்றோடு 'குழந்தை வளர்ச்சி' இருக்கிறது. மகள் வாங்கும் பட்டத்தில் எழுதியிருப்பது 'மனித மேம்பாடு'. இரண்டும் ஒன்றுதானே என்று நீங்களும் நாமும் சொல்லலாம்; எழுத்தர் சொல்ல வேண்டுமே! நம் மாநிலத் தேர்வாணையம் இணையான பட்டம் என்பதற்கு அரசாணை காட்டு என்று கேட்கும். ஆகவே சேர்வதற்கு முன்பே, அந்தப் பல்கலைக் கழகத்துப் பட்டத்துக்கு இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா என்று கேட்டு, நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெளிமாநிலம் என்றால் இது இன்னும் முக்கியம். மற்றொன்று, இந்தப் பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு மருத்துவமனை உளவியல் நிபுணர் என்று பலகை மாட்ட முடியாது. அதற்கு இந்திய மறுவாழ்வுக் குழுமம் ஒப்புக்கொண்ட தனிப் பயிற்சியும் பதிவும் வேண்டும்.

பணம்? ஒரே கல்லூரிக்குள் அரசு உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் ஒரே கூரையின்கீழ் நடப்பதுண்டு. வகுப்பறை ஒன்று போலிருக்கும். கட்டணம் மலைக்கும் மடுவுக்கும். எந்தப் பிரிவில் இடம் தருகிறீர்கள் என்று முதலில் கேளுங்கள். பழங்குடி மாணவர்க்குப் பள்ளிக்குப் பிந்தைய படிப்புக்கான உதவித்தொகை உண்டு. பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். முனைவர் பட்டத்துக்குப் போனால் பழங்குடியினர்க்கான தேசிய ஆய்வு உதவித்தொகை இருக்கிறது. வெளிநாட்டுப் படிப்புக்கு மத்திய அரசின் உதவி நாடு முழுமைக்கும் ஆண்டுக்கு 20 பேருக்குத்தான். அமெரிக்கா போகிற எண்ணம் மகளுக்கு இருந்தால், பொதுவாக அங்கே முதுநிலைக்குக் கைப்பணம் வேண்டும். முனைவர் பட்டத்துக்குப் பல இடங்களில் பல்கலைக் கழகமே சம்பளம் கொடுத்துச் சேர்த்துக்கொள்கிறது. இங்கே முதுநிலை முடித்து, மலையைப் பற்றி ஒரு நல்ல ஆய்வேடு எழுதிவிட்டு, அதைக் கையில் ஏந்திப் போகட்டும்.

அரசுக்கும் இரண்டு வார்த்தை. 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் 1,000 ரூபாய் அரசுப் பள்ளி மாணவியைக் கல்லூரிக்கு அழைத்து வந்தது. முதல் பட்டத்தோடு அது நின்றுவிடுகிறது. 2011 கணக்கில் தமிழகம் முழுமைக்கும் எழுத்தறிவு 80 விழுக்காடு, பழங்குடியினரிடையே 54. மலையாளிகள்தான் தமிழகப் பழங்குடிகளில் பெருந்தொகையினர். மூன்றரை லட்சம் பேர். அவர்களிலிருந்து முதுநிலைப் படிப்புக்கு வருகிற பெண்களை விரல் விட்டு எண்ணலாமே, அவர்களுக்காவது அந்தத் தொகையை நீட்டினால் கருவூலம் காலியாகிவிடுமா? கள்ளக்குறிச்சியிலேயே ஓர் அரசுக் கல்லூரியில் இந்தத் துறையைத் தொடங்கி, வெள்ளிமலையில் அதற்கொரு மழலையர் பள்ளியைச் சேர்த்து வைத்தால் என்ன? குளவியைக் கொண்டுவர பெனின் வரையில் போனவர்கள், இதற்குக் கச்சிராயபாளையம் வழியாக மலையேறினால் போதும்.

தோழரே, எந்த ஊர் என்று கேட்டீர்கள். எங்களைக் கேட்டால் கோயமுத்தூர். அரசு உதவி பெறும் பிரிவில் இடம் கிடைத்து, ஆய்வேட்டை மலையிலேயே செய்ய ஒப்புக்கொண்டால். பரோடாவை முனைவர் பட்டத்துக்கு வைத்துக்கொள்ளட்டும். மகளுக்கு வேறு எண்ணம் இருந்தால் அவள் சொல்வதே நடக்கட்டும். படிக்கப் போவது அவள்.

ஒரு காரியத்தை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். பழங்குடியினர் சான்றிதழை வட்டாட்சியர் தரமாட்டார், கோட்டாட்சியர்தான் தரவேண்டும். விசாரணை, அறிக்கை என்று நாள் போகும். பழைய சான்றில் பெயரோ தந்தை பெயரோ ஓரெழுத்து மாறியிருந்தாலும் சேர்க்கையின்போது திருப்பி அனுப்பிவிடுவார்கள். வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று இவற்றையும் சேர்த்தே விண்ணப்பியுங்கள். சேர்க்கை அறிவிப்பு வரும்வரை காத்திராமல் இந்த வாரமே கள்ளக்குறிச்சிக்கு இறங்குங்கள். இறங்கும்போது மகளையும் உடன் அழைத்துப் போங்கள். விண்ணப்பத்தை அவளே நிரப்பட்டும்.